காக்கிக்கு மனுப் போடுதல்

தென்காசிச் சீமையின் வேலைகள் – 7

தமிழ்நாட்டில் காவலர் பயிற்சிக்கென்று தனியாக மனுப் போட வழியில்லை. வேலைக்குத்தான் மனு. தேர்வானவர்களை அரசே பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறது, பயிற்சி நாட்களுக்கும் சம்பளம் தருகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடைமுறை நேர்மாறானது. கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளே போலீஸ் அகாடமி நடத்துகின்றன. கைக்காசு கட்டிச் சேர்ந்து, மாநிலம் வகுத்த குறைந்தபட்சம் 664 மணி நேரப் பாடத்தை முடித்துவிட்டு, அதன் பிறகு ஏதேனும் ஓர் ஊரின் காவல் துறையில் வேலை தேடுபவர்கள் அங்கே உண்டு. மின்னசோட்டா மாநிலத்தில் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு இல்லாமல் காவலர் உரிமமே கிடையாது. இங்கே பத்தாம் வகுப்புத் தேறியவர் மனுப் போடலாம். கல்விச் செலவில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் பயிற்சி தேர்வுக்குப் பின்னால் வருவதால், தேர்வுக்கு முன்னால் உள்ள தயாரிப்பு முழுவதும் மனுதாரர் தலையிலும் அவர் வீட்டார் தலையிலும் விழுகிறது.

தென்காசி மாவட்டத்தில் அந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தப் பகுதியில் நெல்வயலும் எலுமிச்சைத் தோட்டமும் விசைத்தறியும் உண்டு. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்து ஊர்களில் மடியில் பீடித்தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் உண்டு. பெரிய ஆலைகள் குறைவு. மாதம் முதல் தேதி சம்பளம், பெயருக்கு முன்னால் ஓர் அரசுப் பதவி, பெண் கேட்டுப் போகும்போது ஒரு மரியாதை என்று எல்லாம் சேர்ந்து ‘பி.சி. செலக்‌ஷன்’ என்ற சொல்லுக்கு, அதாவது காவலராகத் தேர்வாவதற்கு, இந்த ஊர்களில் தனி எடை உண்டு.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது 1991இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வேலை வாங்கலாம் என்று இன்றும் நம்புகிறவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அப்படி ஒரு வழி இல்லை. அறிவிக்கை, விண்ணப்பம், தேர்வு, முடிவு எல்லாமே சென்னையிலுள்ள குழுமத்தின் வழியாகத்தான். இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் சேர்த்து ஒரே பொதுத்தேர்வு நடக்கிறது. 2023 அறிவிக்கையில் மொத்தம் 3,359 இடங்கள். 2025இல் 3,644: காவலர் 2,833, சிறைக்காவலர் 180, தீயணைப்பாளர் 631. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 21 வரை இணையவழியில் விண்ணப்பம் பெற்று, நவம்பர் 9 அன்று எழுத்துத் தேர்வு நடத்தினார்கள். தேர்வுக் கட்டணம் 250 ரூபாய்.

குறைந்தபட்சக் கல்வி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அறிவிக்கை வெளியாகும் ஆண்டின் ஜூலை 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 26ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28 வரையும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31 வரையும் தளர்வு உண்டு. ஆதரவற்ற விதவைகளுக்கு உச்சவரம்பு 37, முன்னாள் படைவீரர்களுக்கு 47. விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. திருநர்களும் விண்ணப்பிக்கலாம். இந்தக் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. உதவி ஆய்வாளர் தேர்வில் திருநங்கை பிரித்திகா யாஷினி நீதிமன்றம் ஏறிப் போராடினார். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகு, 2017இல் அவர் பணியேற்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் நடப்பது அவர் வெட்டிய பாதையில்.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் விண்ணப்பப் படிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் அதை நிரப்புவது இ-சேவை மையத்திலோ கணினிக் கடையிலோ உட்கார்ந்திருக்கும் வேறொருவர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தகப்பனார் பெயர் ‘மாடசாமி’. சாதிச் சான்றிதழில் ‘மாடச்சாமி’. ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரில் இதை ஒரு பொருட்டாக யாரும் நினைப்பதில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இதுவே கேள்வியாகிறது. வகுப்பைத் தவறாகக் குறித்துவிட்டால் வயதுத் தளர்வு, உயர அளவு, கட்-ஆஃப் மூன்றும் சேர்ந்து மாறிப்போகும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களை விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் வாங்கி வைத்திருக்க வேண்டும். பிறகு கொண்டு வருவது கணக்கில் சேராது. ஆகவே அறிவிக்கை வருமுன்பே சான்றிதழ்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வது, பத்து நாள் ஓட்டப் பயிற்சிக்குச் சமமான வேலை. திருத்தம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதற்கு நாட்கள் பிடிக்கும். அறிவிக்கைக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே கிடைப்பது ஒரு மாதம்.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி. முதலாவது தமிழ்மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண், 80 நிமிடம். இதில் 40 விழுக்காடு, அதாவது 32 மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த பகுதியின் விடைத்தாள் திருத்தப்படும். இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. அரசுப் பணித் தேர்வுகள் அனைத்திலும் தமிழ்த் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய 2021 டிசம்பர் அரசாணையின் தொடர்ச்சி இது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியாக இருந்து, அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த செங்கோட்டை வட்டாரத்துக்கு இந்த விதி கூடுதல் பொருள் கொண்டது. பிழைப்புக்காகக் கேரளத்தில் குடியேறி, பிள்ளைகளை மலையாளப் பள்ளியில் படிக்கவைத்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பேசத் தெரிந்த தமிழ் வேறு, புணர்ச்சியும் இலக்கணக் குறிப்பும் கேட்கும் தாள் வேறு.

இரண்டாவது, 70 மதிப்பெண்ணுக்கான முதன்மைத் தேர்வு. பொது அறிவு 45, உளவியல் 25. பொது அறிவுப் பகுதி பத்தாம் வகுப்புத் தரத்துக்குள் அடங்கும். பள்ளிச் சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்களை வரி விடாமல் படித்தவருக்கு அதில் பயமில்லை. ‘உளவியல்’ என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்: தர்க்கம், எண் திறன், தகவலைக் கையாளுதல், சூழ்நிலையைக் கொடுத்து முடிவு கேட்பது போன்ற வினாக்கள் அவை. முந்தைய ஆண்டுத் தாள்களைக் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதிப் பழகுவதுதான் இதற்கு வழி. முதன்மைத் தேர்வின் 70இல் குறைந்தது 25 மதிப்பெண் வேண்டும். தென்காசியில் வ.உ.சி. வட்டார நூலகம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நாடும் இடம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களும், தமிழ்நாடு அரசின் மெய்நிகர் கற்றல் வலைதளமும் காசில்லாமல் பாடம் தருகின்றன. கடன் வாங்கித் தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன் இவற்றின் வாசலை ஒருமுறை மிதித்துவிடுவது நல்லது.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களில் ஓர் இடத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் அடுத்த கட்டத்துக்கு அழைக்கிறார்கள். ஊர்வழக்கில் இதற்குப் பெயர் ‘கிரவுண்டு’. நெல்லை, தென்காசி வட்டாரத்தவருக்குக் கிரவுண்டு என்றாலே பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானம்தான் நினைவுக்கு வரும். முதல் பஸ்ஸில் ஏறிப் போனாலும் காலை ஆறு மணி வரிசைக்கு நேரமாகிவிடும் என்று முந்தின இரவே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்குவார்கள். சான்றிதழ் கட்டு ஒரு பையில், பனியனும் கால்சட்டையும் ஒரு பையில்.

முதலில் அளவு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு சாதாரணமாக 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். பெண்களுக்கு உயரம் 159; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. ஒரு செ.மீ. குறைந்தாலும் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இரண்டு வருஷம் படித்துவிட்டு அளவுகோலின் அடியில் நின்று தெரிந்துகொள்வதைவிட, படிக்கத் தொடங்கும் நாளிலேயே செருப்பைக் கழற்றிச் சுவரோடு நின்று அளந்து பார்த்துவிடலாம். இதை வெளிப்படையாகச் சொல்ல யாரும் முன்வராததால் வீணாகும் ஆண்டுகள் அதிகம்.

அடுத்தது ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் கடக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். 1,500 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 வினாடி. முதல் சுற்றைக் கூட்டத்தோடு கூட்டமாக 80 வினாடியில் பாய்ந்து ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை எல்லாக் கிரவுண்டிலும் காணலாம். சாரல் மாதங்களில் குற்றாலம் சாலையில் ஓடிப் பழகியவருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. குளிர்ந்த காற்றில், மலை நிழலில் ஓடிய உடம்பு பாளையங்கோட்டை வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது வெயில் ஏறிய பிறகு ஓடிப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் தருவது அதற்குப் பிறகு வரும் உடல்திறன் போட்டிகள், மொத்தம் 24. எட்டிய நட்சத்திரத்தைப் பொறுத்து மதிப்பெண். நீளம் தாண்டுதலில் ஆண்களுக்கு 3.80 மீட்டர் ஒரு நட்சத்திரம், 4.50 இரண்டு. விருப்பமிருந்தால் அதற்குப் பதில் உயரம் தாண்டலாம். ஓட்டத்தில் 100 மீட்டரை 15 வினாடியில் கடந்தால் ஒன்று, 13.5இல் கடந்தால் இரண்டு. அல்லது 400 மீட்டருக்கு 80, 70 வினாடிகள். பெண்களுக்கு நீளம் தாண்டுதல் 3 மீட்டரும் 3.75 மீட்டரும், 100 மீட்டருக்கு 17.5, 15.5 வினாடிகள், கூடவே குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல்.

ஆண்களைப் பிரித்துக் காட்டுவது கயிறுதான். 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. தடித்த கயிறு மேலே சட்டத்தில் கட்டித் தொங்கும். பிடித்ததும் முதல் இரண்டு இழுப்பு தோள் வலுவில் போய்விடும். மூன்றாவதில் முன்கை எரியத் தொடங்கும். நாலாவது மீட்டரில் விரல்கள் தாமாகப் பிரியும். அங்கேயிருந்து சர்ரென்று வழுக்கினால் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும். அந்தக் கையோடு அடுத்த போட்டிக்கு நிற்க வேண்டும். கயிறு ஏற்றத்துக்கு வேண்டியது பெரிய புஜம் அல்ல. உடம்பு எடை குறைவாக இருப்பதும், பிடிமானம் நீடிப்பதும், இறங்கும்போது கை மாற்றிக் கை வைத்து இறங்குவதும்தான். ஜிம்முக்குப் போய் எடை கூட்டிக்கொண்டு வருபவரைவிட, தகப்பனாரோடு பனையேறிப் பழகிய மெலிந்த பையன் இதில் முந்துவது உண்டு. ஊரில் புளியமரக் கிளையிலோ வேப்பமரக் கிளையிலோ கயிறு கட்டிப் பழகுகிறார்கள். கீழே மணல் கொட்டாமல் பழகுவது ஆபத்து. ஒரு கால் முறிவு ஓர் அறிவிக்கையை விழுங்கிவிடும், அடுத்த அறிவிக்கை வருவதற்குள் வயது கடந்துவிடும்.

மீதமுள்ள 6 மதிப்பெண் சிறப்பு மதிப்பெண்: என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2. ஆக, 70, 24, 6 சேர்ந்து நூறு. அரை மதிப்பெண்ணில் வேலை போகும் போட்டியில் இந்த ஆறு சின்னதல்ல. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி.யில் பெயர் கொடுத்த மாணவர், தமக்குத் தெரியாமலேயே காவலர் தேர்வுக்குத் தயாரிப்பைத் தொடங்கிவிட்டார். கிராமப் பள்ளிகள் பலவற்றில் இந்தப் பிரிவு கிடையாது என்பது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு நேரும் உண்மையான இழப்பு.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பார்வை, நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி தட்டுதல், நரம்புச் சுருள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

கடைசிக் கட்டமான நடத்தை விசாரணையில்தான் தென்காசிப் பக்கத்து இளைஞர்கள் பலருடைய கனவு உடைகிறது. தற்காலிகமாகத் தேர்வானவரின் பெயரில் எங்காவது வழக்கு இருக்கிறதா என்று உள்ளூர்க் காவல் நிலையம் பார்க்கிறது. இந்த வட்டாரத்தில் பங்குனி, சித்திரை முதல் கோயில் கொடைத் திருவிழாக்கள் தொடங்குகின்றன. கொடைக்கு முந்தின நாள் கொடி கட்டுவதில் தகராறு, சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் வாக்குவாதம், கபடிப் போட்டியில் புள்ளிச் சண்டை. மறுநாள் இரண்டு தரப்பும் புகார் கொடுக்கும். முதல் தகவல் அறிக்கையில் பத்துப் பதினைந்து பெயர்கள் ஏறும். அங்கே நின்றவர், தடுக்க ஓடியவர், வெளியூரில் இருந்தவர் எல்லோர் பெயரும் எதிர்த்தரப்பின் கோபத்தில் சேர்ந்துவிடுவது உண்டு. அரசு வேலைக்குப் படிக்கும் பையன் யார் என்று ஊருக்கே தெரியும். அவன் பெயரைச் சேர்த்தால் எதிர்வீட்டுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதும் தெரியும். ஒரு குடும்பத்தின் பல வருஷ உழைப்பை ஒரு வரியில் அழிக்கும் இந்தக் காரியம் மன்னிக்கக்கூடியதல்ல.

விதி கடுமையானது. வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தத் தேர்வில் நியமனம் கிடையாது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுகிறார். நடத்தை விசாரணையின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு குற்றமே இல்லை என்று முழுமையாக விடுவிக்கப்பட்டவரும் அடுத்த தேர்வில்தான் உரிமை கோர முடியும். இந்த விதிகளை 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு செல்லும் என்று சொல்லிவிட்டது. சாட்சிகள் சமாதானமாகி, பிறழ்சாட்சி சொல்லி, வழக்கு விழுந்துபோவதை ஊரில் ‘கேஸ் முடிஞ்சுது’ என்கிறார்கள். காவலர் தேர்வைப் பொறுத்தவரை அது முடியவில்லை.

அதனால் சிலர் வழக்கை மறைக்கப் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசம். விண்ணப்பத்திலும் விசாரணைப் படிவத்திலும் கேட்கப்படும் தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதை 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்தது. அதே தீர்ப்பு, இளவயதின் சில்லறைக் குற்றங்களை மறைத்திருந்தாலும் வேலை தருபவர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தி மன்னிக்கலாம் என்றும் இடம் விட்டிருக்கிறது. ஆனால் அந்த இடத்தை நம்பி மறைப்பது புத்தியல்ல. பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தால் வழக்கறிஞரைப் பார்த்து, புலனாய்வுக் கட்டத்திலேயே உண்மையை நிறுவி நீக்கச் செய்வதும், முடியாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகுவதும்தான் நேரான வழி. விசாரணை வரும் வரை காத்திருந்தால் காலம் போய்விடும்.

இத்தனையும் தாண்டியவருக்குக் காவலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆணை வரும். தென்மாவட்டங்களில் தூத்துக்குடி அருகே பேரூரணியில் ஒரு பள்ளி இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் 9ஆம் அணி மணிமுத்தாற்றில். எல்லோரும் சொந்தப் பக்கத்திலேயே பயிற்சி பெறுவதில்லை. பெண்ணுக்கு வேலூரோ திருச்சியோ விழலாம். அடிப்படைப் பயிற்சி ஏழு மாதம். விடியுமுன் ஓட்டம், காலையில் கவாத்து, பகலில் சட்ட வகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, முதலுதவி. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், புதிய அணிகள் பழைய பிரிவு எண்களை அறியாமலே வருகின்றன. நிலையத்தில் இருக்கும் மூத்த காவலர்கள் வாயில் 302, 420 என்றே வருவதால் இரண்டு கணக்கையும் மனதில் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலரின் ஊதிய விகிதம் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை. பயிற்சி முடிந்ததும் பெரும்பாலோர் போவது காவல் நிலையத்துக்கு அல்ல, ஆயுதப்படைக்கோ பட்டாலியனுக்கோதான். பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், திருவிழாக் கூட்டம் என்று சில ஆண்டுகள் கழிந்த பின்னரே ‘லோக்கல்’ கிடைக்கும்.

பட்டம் பெற்றவர்கள் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதலாம். வயது 20 முதல் 30, தளர்வுகள் தனி. 2025இல் 1,299 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அதில் நேர்முகத் தேர்வும் உண்டு. ஊதிய விகிதம் 36,900இல் தொடங்குகிறது. ஓராண்டுப் பயிற்சி வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி காவல் உயர் பயிற்சியகத்தில். ஏற்கெனவே துறையில் இருப்பவர்களுக்கு 20 விழுக்காடு இடம் இருப்பதால், காவலராகச் சேர்ந்துவிட்டு இரவுப் பணிக்கு நடுவே அஞ்சல்வழிப் பட்டம் முடித்துத் தேர்வு எழுதுபவர்கள் உண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்று ஒரு துறை இருக்கிறது. அங்கே படித்தவருக்கு அறிவு கூடும், தேர்விலிருந்து விலக்குக் கிடையாது.

ஆயுதப்படைக் காவலரை இந்த மாவட்டத்தில் பொதுமக்கள் நெருங்கிப் பார்க்கும் இடம் குற்றாலம். ஆனி, ஆடியில் சீசன் தொடங்கியதும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் பணி போடுகிறார்கள். நனைந்த பாறையில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டு விழ ஆரம்பித்தால் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்ற வேண்டும். ‘இன்னும் ரெண்டு நிமிஷம் சார்’ என்று கெஞ்சுபவரையும், குடித்துவிட்டு வந்து மல்லுக்கு நிற்பவரையும் ஒரே குரலில் சமாளிக்க வேண்டும். பெண்கள் குளிக்கும் பக்கம் பெண் காவலர்கள் நிற்கிறார்கள். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்காத கோடை நாளில், மலையில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். நீரின் நிறம் கலங்குவதும், சருகும் குச்சியும் சேர்ந்து வருவதும் மேலே வெள்ளம் புறப்பட்டதற்கான அடையாளம் என்பது மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்குச் சிறு வயதிலேயே தெரியும். பண்பொழியிலிருந்தோ கடையத்திலிருந்தோ தேர்வாகி வந்த காவலர், அருவிப் பணியில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

(தொடரும்)